மழைக்குத் திறந்த கூரை

சூசை அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் கைப்பேசியில் சொன்னபோது, அவருக்கான கஞ்சி என் மடியில் சூடாக இருந்தது. அவரைச் சேர்த்திருந்த தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். இறங்கத் தோன்றவில்லை. கஞ்சியை மகளிடம் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரிங்காப்பில் அவருடைய உரக்கடையை, இங்கே அவருக்காகக் கூடியிருக்கும் உங்களில் அறியாதவர் யார்? நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். அவர் கடை வைத்தார். நான் கோலா தெர்லாவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டேன். எங்களுக்குள் சண்டை வந்ததும் அந்தத் தக்காளியால்தான்.

இலை ஓரமெல்லாம் கருகிக்கொண்டு வந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வாங்கப் போனேன். தரமாட்டேன் என்றுவிட்டார். மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? என் வீட்டுக்காரர் தேயிலை ஆலையில் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். அந்த விளைச்சலும் போனால் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான். வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவரே வந்து நின்றார். பாத்திமேல் மாவு தூவியதுபோல் படிந்திருந்த வெள்ளையைக் காட்டினார். நான் அள்ளிப் போட்ட உரமும் கோழி எருவும் விட்ட உப்பு அது. பிளாஸ்டிக் கூரை போட்ட நாள்முதல் அந்த மண்ணில் மழையே விழவில்லை, உப்பு கழுவப்படாமல் தங்கிவிட்டது, ஈரம் இருந்தும் வேரால் தண்ணீர் இழுக்க முடியவில்லை என்றார்.

“கூரையக் கழட்டு, தங்கச்சி.”

நனைந்தால் தக்காளி அழுகும். அதற்குப் பயந்துதானே எல்லோரும் கூரை போடுகிறோம் என்று கேட்டேன்.

“அழுகலாம். இப்படியே விட்டா கண்டிப்பா செத்துரும்லா. அழுகிப் போச்சுன்னா என் கடை வாசல்ல வந்து கத்து, ஊரே கேக்கட்டும்.”

கழற்றினோம். பிற்பகலில் மழை அடித்துக்கொண்டு வந்தது. செடிகள் சாய்ந்தன. அவர் மண்வெட்டியோடு பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். “தண்ணி நிக்கக் கூடாது. ஓடினாத்தான் உப்பு போகும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இருட்டும் நேரத்தில் இருவருமாகக் கூரையை இழுத்துக் கட்டினோம்.

கீழ் வரிசை முழுக்க அழுகியது. நான் அவர் கடை வாசலுக்குப் போய்க் கத்தவில்லை. அந்த வாரமெல்லாம் அவர் தினமும் வந்தார், செடி செடியாகக் குனிந்து பார்த்தார். மேல் வரிசையில் துளிர்த்த புது இலைகளின் ஓரம் கருகாமல் இருந்ததை முதலில் கண்டதும் அவர்தான். நிலம் என் கையில் நின்றது.

அவரை அடக்கம் செய்த அன்று காலை வானம் கறுத்திருந்தது. என் பாத்திகளில் அறுவடை முடிந்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியும் கேட்காமல், கூரையைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். கல்லறைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. பயந்துகொண்டே கூரையைத் திறக்கும் அந்தப் பழக்கம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது.

வாய்க்கால் வெட்டிவிட்டேன், அண்ணே. தண்ணீர் நிற்காது.