இரண்டாவது பிடி மீன்

என் படம் போனில் ஓடுகிறது என்பதை எனக்கு முதலில் தெரிவித்தவர்கள், என்னிடம் மீன் வாங்க வராமல் போனவர்கள்தான்.

ஆரையம்பதிச் சந்தியில் நாற்பது வருடமாக மீன் விற்கிறேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். நான் விற்பது ஆற்று மீன். முன்பு கணவர் பிடித்தார், அவர் போனபின் மகன் பிடிக்கிறான். என் கூடையில் பழுதான மீன் இருந்ததென்று ஒருவரும் சொன்னதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் எங்கள் வீட்டு வலை நனையாது. சடங்கு முடிந்து முதல் வலையில் வருவதில் ஒரு பிடியை ஆற்றுக்கே திருப்பிக் கொடுப்போம். கணவர் தோணியில் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்திப் போடுவார். அவருக்குப் பிறகு நான் கரையில் நின்று போடுகிறேன்.

போன வருடம் அப்படிப் போட்டபோது யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் போனைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் வழக்கத்தையும் படம் எடுக்க ஆள் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"அம்மா, படம் சரியா விழயில்ல. இன்னொருக்காப் போடுங்க," என்றார்.

வழக்கம் ஒரு பிடிதான். இருந்தும் அவருக்காக இரண்டாவது பிடியும் அள்ளினேன். நன்றாக விழட்டும் என்று மெதுவாகவே போட்டேன்.

மூன்றாம் நாள் சந்தியில் கூடை குறையவே இல்லை. பக்கத்தில் மரக்கறி விற்பவள் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"அக்கா, நீங்க இப்ப பெரிய நடிகையெல்லோ. ஊரெல்லாம் உங்கட படம்தான்."

தன் போனைக் காட்டினாள். நான்தான். மேலே பெரிய எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், பெரிய எழுத்தென்றால் கூட்டி வாசிப்பேன். கூட்டினேன். 'வாவி மீனை வியாபாரிகளே வீசி எறியும் காட்சி. காரணம் தெரிந்தால் இனி மீனைத் தொடவே மாட்டீர்கள்.'

வீட்டுக்கு வந்து மகளிடம், "உள்ளுக்க என்ன கிடக்கு? முழுக்க வாசி புள்ள," என்றேன்.

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "மீனில நஞ்சு இருக்குமோ எண்டு சிலபேர் கேக்காங்களாம்."

"ஆராம்?"

"ஆரெண்டு இல்லம்மா."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா சவுக்கார விளம்பரம்."

நான் ஏன் போட்டேன் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த மனிதர் என்னிடம் அதைக் கேட்கவும் இல்லையே.

மற்றவர்கள் வராததை நான் பெரிதாக எடுக்கவில்லை. டீச்சர் வராததுதான் நெஞ்சில் கிடந்தது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், என் கூடை மீனைத் தவிர வேறு மீன் சமைக்காதவர். அவர் பிள்ளை பெற்றிருந்தபோது, பால் ஊறுமென்று, ஆற்றில் கிடைக்காத பால்சுறாவைக் கடற்கரையில் தேடிப்பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். இப்போது அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு வீதியின் மறுபக்கத்தால் போனார்.

அடுத்த நாள் கூடையோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையடிக்கு வந்தார்.

"டீச்சர், அந்தச் செய்திய வாசிச்சீங்களா?"

"பாத்தன் அக்கா."

"உள்ளுக்க வாசிச்சீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"இப்ப வாசிங்க. நான் நிக்கன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே வாசித்தார். அதிக நேரம் எடுக்கவில்லை, வாசிக்க அங்கே இருந்தால்தானே.

"உள்ள ஒண்டும் இல்லதான் அக்கா."

கூடையைத் திறந்து, ஒரு மணலை மீனின் செவுளை விரித்துக் காட்டினேன். சிவப்பாக இருந்தது. டீச்சர் அதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளையள் வேணாமெண்டு நிக்குதுகள். கொஞ்ச நாள் போகட்டுமே."

"உங்கட பிள்ளையளுக்கும் நீங்கதானே டீச்சர் வாசிக்கப் படிப்பிச்சீங்க," என்றேன். கூடையை மூடிக்கொண்டு வந்தேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நாக்கு எத்தனை நாள் பொறுக்கும். டீச்சரின் கொஞ்ச நாள் மட்டும் முடியவில்லை. கண்டால் "சுகமா அக்கா?" என்பார். கூடைப் பக்கம் பார்வை வராது. பொய்யென்று தன் கண்ணால் வாசித்த பிறகும் அது அவர் மனதில் கிடக்கிறது. அதை எதைக் கொண்டு கழுவுவேன்.

இந்த வருடம் சடங்கு முடிந்து முதல் வலை வந்தது.

"மனே, நீ போடு," என்று மகனிடம் சொன்னேன்.

"வேணாம்மா. ஆராவது படமெடுப்பாங்க. விடுங்க இந்த வருசம்."

விட மனம் வரவில்லை. கரையில் இரண்டு பேர் போனைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் தங்கள் பாட்டில்தான் நின்றார்கள் போலும். நான் தண்ணீரோரம் குந்தி, கூடை கழுவுகிறவள் மாதிரி, மீன் பொத்திய கையைத் தண்ணீருக்குள் விட்டேன். விரலைத் திறந்தேன். மீன்கள் காலடியால் ஓடின.

ஒரு பிடிதான். நின்று போட வேண்டியதை ஒளித்துப் போட்டுவிட்டு, உண்மையாகவே கூடையைக் கழுவிக்கொண்டு எழும்பினேன்.