சார்ஜ் அறையில் சாம்பிராணி

எழுபதுகளின் கடைசியில் விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய வீட்டில் இருந்தோம். முன்னறையில் என் கணவர் லாரி, டிராக்டர் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். அந்த அறையின் சன்னல் என் சமையலறைப் பக்கம் திறக்கும்.

அந்த அறை எனக்கு ஆகவே ஆகாது. ஆள் இல்லாதபோதும், யாரோ வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் உள்ளே களகளவென்று சத்தம் வரும். எட்டிப் பார்த்தால் தொண்டை கரிக்கும். சன்னலோரம் காயப்போட்ட சேலையில், யாரும் தொடாமலே பொத்தல் விழும்.

சொன்னால் அவர் சிரிப்பார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. சார்ஜ் ஏறயில ஆசிட்டுல குமிழி விடுது, அம்புட்டுத்தான். அதுலருந்து வர்ற வாயு கண்ணுக்குத் தெரியாது, நெருப்பக் கண்டா வெடிச்சிரும். சன்னல மட்டும் அடைச்சிராத. உள்ள பீடி கூட ஆகாது."

எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பீடியும் சாம்பிராணியும் ஒன்றா என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆறு பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு அவர் பக்கத்து ஊர் பரவைக்குப் போயிருந்தார். மதியத்திலிருந்து அந்தச் சத்தம் கூடிக்கொண்டே போனது. ஒருவர் பேசிய இடத்தில் நாலு பேர் பேசுவதுபோல் இருந்தது. என் பெயர்கூடக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. பொறுக்க முடியாமல் சன்னலை இழுத்து அடைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தூபக்காலில் கங்கு அள்ளி வீடெல்லாம் புகை காட்டினேன். வழக்கமாக அந்த அறைக்குள் போகமாட்டேன். இந்த ஒரு அறையை விட்டுவைத்ததால்தானே அது இங்கேயே குடியேறிவிட்டது என்று அன்று தோன்றியது. கதவைத் தள்ளினேன். அப்போதுதான் திரும்பியிருந்த அவர், குனிந்து ஒரு பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பிடி சாம்பிராணியைப் போட்டேன். குப்பென்று தழல் எழுந்தது.

வெடித்த சத்தம் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு அறை மூச்சுக்காட்டாமல் கிடந்ததுதான் நினைவிருக்கிறது. பிறகு அவர், "தண்ணி... கண்ணு..." என்றார். ஆசிட் பட்டால் ஊற்றுவதற்கென்று அவரே வாசலில் வைத்திருந்த டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன்.

இடது கண் போய்விட்டது. "நீங்க தண்ணி ஊத்துனதாலதான்மா இந்த ஒண்ணாச்சும் மிஞ்சுச்சு" என்றார் டாக்டர். அக்கம்பக்கத்தில், "அந்த ரூம்புல என்னமோ இருக்குன்னு நீ அப்பவே சொன்னியேத்தா" என்றார்கள். வெட்கம் கெட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். யார் கேட்டாலும் அவர், "சுவிட்ச அமத்தாம கிளிப்பக் கழட்டிட்டேன், பொறி பறந்துருச்சு" என்றார். நான் வந்ததை அவர் பார்க்கவில்லை என்று நம்பி, அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண் கட்டைப் பிரித்த அன்று வந்த நாத்தனார் என் வலது கையையே பார்த்தாள். "தண்ணி ஊத்துன கைதான? இது எப்படி இம்புட்டுக்கு வெந்து கெடக்கு?"

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் மிச்சமிருந்த கண்ணால் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"அது அன்னைக்குக் காலையில இட்லி ஊத்தயில சுட்டுக்கிட்டது. நான்தான் மருந்து போட்டேன்."

அன்று காலையில் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. கடையில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தவரே அவர்தான்.