துணிக்கடை வாசலில் காணாமற்போன நாய்

அஞ்சலையைத் திருடி என்று சொன்னவன் நான். அவள் திருடவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். வைத்திக்குப்பத்து அஞ்சலை அங்கே தூசி தட்டி, விற்ற பொருட்களைப் பொதிந்து கொடுப்பாள்.

கடையின் பெருமையே, கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்த ஒரு கல்லச்சுப் படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு. இதே ஊரின் துணிக்கடை வாசல். முழம் போடும் வியாபாரி, புடவையை வெயிலில் விரித்துச் சந்தேகமாகப் பார்க்கும் ஒருத்தி, வலது ஓரத்தில் காதைச் சொறியும் ஒரு நாய்... அந்த நாயை எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

மழைக்காலத்தில், படம் தெரிய நடுவில் ஜன்னல்போல வெட்டி, அதன்மேல் வைத்திருந்த அட்டையில் பூசணம் பிடித்தது. சட்டத்தைக் கழற்றிப் புது அட்டை வைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்க்கிறேன்... நாயைக் காணோம்!

யாரோ அசலை எடுத்துக்கொண்டு நகலை மாட்டியிருக்கிறார்கள். வேறென்ன நினைப்பேன்? அஞ்சலையின் தம்பி தவளக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். போதாதா? நகலெடுத்தபோது ஓரம் விட்டுப்போயிருக்கும் என்று காரணமும் நானே கண்டுபிடித்தேன். வியாபாரியின் தலைப்பாகைகூட வெளிறித் தெரிந்தது. அவள் சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் பயம்! முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அஞ்சலை அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, ஒருவாட்டி கழட்டிப் பாத்துட்டு சொல்லுங்க."

இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறவனுக்கு இவள் சொல்லித்தருவதா! நான் கழற்றவில்லை. அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போலி என்று படத்தையும் உள்ளறையில் போட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து, வேறொரு படத்துக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டது. பிரித்து அட்டையைத் தூக்கினேன்... அடியில் நாய், காதைச் சொறிந்துகொண்டு! வேறொரு சின்னப் படத்துக்காக ஜன்னலைச் சின்னதாக வெட்டிய அட்டையை அவசரத்தில் இதற்குப் போட்டிருக்கிறேன். அது ஓரத்தை மூடியிருக்கிறது. நானேதான்!

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் என் பேர் என்னாவது என்றுதான் யோசித்தேன். முன்பிருந்தபடியே மூடி, உள்ளறையில் வைத்துவிட்டேன். எவ்வளவு அற்பன் நான்!

போன வாரம் பேருந்து நிலையத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலையாம். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன்; அவளே வந்து, வீட்டில் எல்லோரையும் விசாரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த அசல் படம் கெடச்சுதாண்ணே?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.