சாவு மேளத்துக்கு வந்த கமெண்ட்

சமூக வலைத்தளங்களில் மக்கள் இசையை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. கேட்கப் பெருமையாக இருக்கும். நாள் முழுக்க அடுத்தவர் கமெண்டைப் படிக்கிற பிழைப்பு. திருவொற்றியூரில் நான் வாடகைக்கு இருந்த தெருவில், எதிர்வீட்டுப் படகுக்காரர் இறந்தபோது அடித்த சாவு மேளத்தை யாரோ வீடியோவாகப் போட்டிருந்தார்கள். விடுவேனா?

கீழே ஒருவரைத் தவிர எல்லோரும் எழுதியிருந்தது ஒரே சொல்: "வந்தேன்." பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"இசை கேட்பவரைத் தன்னிடம் வரவழைக்கிறது! தனி அத்தியாயமே எழுதலாம்மா."

அந்தச் சொல் இல்லாத ஒரே கமெண்டைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். ஆராய்ச்சி நெறிப்படி பெயர்களை அழித்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைக் கழித்தேன். மிஞ்சியது ஆளில்லாத ஒரு "வந்தேன்". அதை வைத்து அத்தியாயமும் எழுதித் தொலைத்தேன்.

அப்புறம்தான் படகுக்காரரின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், என் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த வீடியோவத் தான பட்ச்சிகினு கீற? எம் பெரியவன் வந்தானான்னு பாத்து சொல்லேன்."

"வீடியோவில் எப்படி வருவான்?" என்றேன்.

"கடல்ல கீறவன் சாவுக்கு எப்டி வருவான்? அதுல வந்தேன்னு போட்டா வந்த கணக்கு. நேர்ல வந்தவனும் போடுவான், நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாரு."

"அப்போ மேளத்தைப் பற்றி யாரும் எழுதலையா?"

"அத்த யாரு கேட்டா? பாதிப் பேரு சவுண்ட அமுக்கிட்டுத்தான் பாப்பான்."

என் அத்தியாயம் அங்கேயே பாடையேறியது.

பெரியவன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சரக்குக் கப்பல் வேலைக்குப் போனவன். போனை எடுப்பதில்லை. "தலயக் காட்டலன்னா இனிமே வூட்டுல சேக்க மாட்டேன்றான் சின்னவன். எனக்கு படிக்க வராது, அவனும் பாத்து சொல்ல மாட்டேன்றான்." பெயர்களை அழித்துவிட்டேன் என்றதும் அத்தைக்கு வந்ததே கோபம்! "வந்தவன் பேரத்தான் அழிப்பியா? இன்னா படிப்பும்மா இது?"

வீடியோவையே திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். எந்த "வந்தேன்" மேலும் அவன் பெயர் இல்லை. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிப்போட்ட அந்த ஒரு கமெண்ட் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேடிப் பிடித்தேன். மேலே அவன் பெயர்.

"இன்னாடா மேளம் இது, சவுண்டே பத்தல. எங்க நைனாவுக்கு அட்ச்சா எண்ணூர் வரிக்கும் கேக்க வாணாம்?"

மொத்த வீடியோவிலும் மேளத்தைப் பற்றி எழுதியவன் அவன் ஒருவன்தான்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பிலேயே அழுதார். பிறகு எழுந்து எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார்:

"டேய் சின்னவனே, வெளிய வாடா! உங்கண்ணன் வந்துக்கீறான்டா. சண்ட போட்டுகினே வந்துக்கீறான்!"