ஆறிப்போன கோழிக்கறி

1986ஆம் ஆண்டு, பேர்லினின் நொய்கெல்ன் பகுதி. எங்கள் அகதி விண்ணப்பத்தை ஒரு நாள் முழுக்க இருந்து நிரப்பித் தந்தவர் கீழ்வீட்டு ஹெல்கா. நன்றி சொல்ல அவரைச் சாப்பிட அழைத்தோம். புட்டும் கோழிக்கறியும் பரிமாறிவிட்டு, நானும் கணவரும் பக்கத்தில் நின்றோம். விருந்தாளி சாப்பிட்டு எழும்பும்வரை நாங்கள் கை நனைப்பதில்லை.

ஹெல்கா தட்டைத் தொடவே இல்லை. சிரித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கறி ஆறியது. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"இஞ்சருங்கோ, எங்கட சாப்பாடு அவவுக்கு அருவருப்பாக்கும்" என்று கணவரிடம் சொல்லி, ஹெல்கா முன்னாலிருந்த தட்டை எடுத்தேவிட்டேன்.

ஹெல்காவின் முகம் சிவந்தது. கணவரிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவர் தலையைச் சொறிந்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும் சாப்பிட வந்து இருக்கும் மட்டும் பாத்துக்கொண்டிருக்கிறாவாம். எல்லாரும் இருக்காமல் இஞ்ச ஒருத்தரும் சாப்பிடத் தொடங்க மாட்டினமாம்."

மன்னிப்புக் கேட்க எனக்கு ஜெர்மன் தெரியாது. கறியைச் சூடாக்கினேன். இந்தமுறை மூன்று தட்டுகள் வைத்து, நானும் உட்கார்ந்தேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் விருந்தாளியோடு சேர்ந்து நான் சாப்பிட்டது அன்றுதான். ஹெல்கா உறைப்பில் கண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

இன்றும் யார் வந்தாலும் கூடவே உட்காருகிறேன். "அக்கா, நீங்களுமோ?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் விழிப்பார்கள்.

"ஓம், நானும்தான்" என்பேன்.

ஆனால் விருந்தாளியின் தட்டில் முதல் கரண்டியை நான்தான் போடுவேன். அதை ஜெர்மனிக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.