தவிட்டுக்குப் போன பிள்ளை

கடல் கடந்து குடியேறிய கிளேட்டனில், 1974இல், ஏகாம்பரத்துக்கு மூன்றாவதாகப் பிறந்தவனும் மூச்சுக்குத் திணறினான். முதல் இரண்டும் பெயர் வைக்குமுன்பே போய்விட்டன. டாக்டர் கையை விரித்துவிட்டார். பிள்ளை தங்காத வீட்டில் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பார்கள். வாங்கியவர் பெயர் வைத்தால் எமன் ஏமாந்துபோவான். பக்கத்து வீட்டு ஹவாய்க்காரி லெயிலானி ஒரு கிண்ணம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

“மக்கானி. காற்றுன்னு அர்த்தம்” என்றாள்.

“வேணாம்மா, காத்து நிக்காது.”

“நலு. அலை.”

“அதுவும் திரும்பிப் போயிடும். நிக்கிற பேரா ஒண்ணு சொல்லும்மா.” ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டான்.

“போஹாக்கு. கல்.”

அவளே பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னாள். பெற்றவள் சந்திரகலா ரவிக்கை நனைய எழுந்து வந்து அவளிடம் கேட்டாள்:

“உங்க பிள்ளைக்கு நான் பால் குடுக்கலாமா?”