ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு

தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்த ஜெயராமன் கணிதத்தில் எம்.எஸ்ஸி. எண்களின் குணங்களைப் பற்றி அவர் கற்றதையெல்லாம் மத்திய சர்க்கார் தன் ஊழியர்களின் விடுப்பைக் கூட்டிக் கழிக்கப் பயன்படுத்திக்கொண்டது. அவரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

2002-இல் மகள் சுபாஷிணிக்கு ஒரு வரன் வந்தது. மலை மந்திர் முருகன் கோயிலில் பெண்ணும் பிள்ளையும் பார்த்துப் பேசி, ஒருவருக்கொருவர் பிடித்தும்போயிற்று. பிள்ளையின் அப்பா ராஜவேல் ஜாதகம் பார்க்காத முற்போக்காளர். எண் மட்டும் பார்ப்பார். பெண் வீட்டுத் தொலைபேசி எண் 6174503. கூட்டினால் இருபத்தாறு, அதையும் கூட்டினால் எட்டு. சனி பகவான் குடியிருக்கும் தொலைபேசியோடு சம்பந்தம் சரிப்படாது என்று பக்குவமாகச் சொல்லியனுப்பினார்.

"கடைசி ரெண்டு நம்பரை முன்னபின்ன மாத்திப் போடச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி தங்கம்.

இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது, ஒன்பதால் வகுத்தால் எட்டுதான் மிஞ்சும், இதில் பிரம்மாவே தலையிட முடியாது என்று ஜெயராமன் விளக்கினார்.

"அப்ப பத்தால வகுங்க. யாரு வேண்டாங்கறா?"

பத்தால் வகுத்தால் மூன்று மிஞ்சும். மூன்று குருவின் எண். எம்.எஸ்ஸி. ஒரு கணம் சபலப்பட்டது.

போனையே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றாள் சுபாஷிணி. போன் இல்லாத வீட்டில் எவன் பெண் எடுப்பான் என்று தங்கம் அவளை அடக்கினாள்.

ஜெயராமன் வேறு நம்பர் கேட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தார். மாதக்கணக்கில் நடந்தார். கடைசியில் 6178209 கிடைத்தது. கூட்டினால் முப்பத்து மூன்று, ஆறு, சாட்சாத் சுக்கிரன். ராஜவேல் மனம் குளிர்ந்து, தை பிறந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் தில்லியின் எல்லாத் தொலைபேசி எண்களுக்கும் முன்னால் ஒரு இரண்டு சேர்ந்தது. ஊர் அதை டைரியில் குறித்துக்கொண்டு வேலையைப் பார்த்தது. ஜெயராமன் மட்டும் கூட்டினார். ஆறும் இரண்டும் எட்டு. கைவிட்ட பழைய எண்ணோ இப்போது எட்டும் இரண்டும் பத்து, அதாவது ஒன்று, சூரியன்.

ராஜவேலும் கூட்டியிருந்தார். தில்லியில் ஒன்பதில் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் எட்டு வந்திருக்கும் என்று ஜெயராமன் மன்றாடிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்கு மூணு வந்திருக்கே சார். என் கையில என்ன இருக்கு? பழைய நம்பரையே வாங்கிடுங்க, தை வரைக்கும் பாக்கறோம்."

பழைய எண் முனிர்காவில் ஒரு பல் டாக்டருக்குப் போயிருந்தது. ஜெயராமன் அவர் வாசலில் போய் நின்றார். பேஷண்டுகளுக்கெல்லாம் அந்த நம்பரைக் கொடுத்தாகிவிட்டது என்று கைவிரித்த டாக்டர், வந்ததற்கு அவருடைய பல்லைப் பார்த்து அனுப்பினார்.

தை பிறந்தது. போன் அடித்தது. சுபாஷிணிதான் எடுத்தாள். மறுமுனையில் ராஜவேல். "அச்சா, அங்கிள்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் "அச்சா" என்று வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெயராமன் கதவருகே போய் நின்றார். தட்டக் கையை உயர்த்தினார். கை அப்படியே நின்றது.